முதல் ஆய்வுக் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பும் முன் வடிவமைப்பில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பி.எச்டி. இரண்டாம் ஆண்டு, கட்டுரை எழுதி முடித்தாயிற்று, கைடும் தலையாட்டிவிட்டார். இனி எந்த ஃபாண்ட், எத்தனை வரி இடைவெளி, ரெஃபரன்ஸை எந்த முறையில் அடுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நிலத்தடி நீர் வேதியியலில் இருப்பவன். பதினோரு வருடமாகக் கட்டுரை அனுப்புவதும், திரும்பி வந்ததை மறுபடி அனுப்புவதுமாக இருக்கிறேன். வேறு துறை என்றால் சில விவரங்கள் மாறும்.

ஃபாண்ட் கதையை முதலில் முடித்துவிடுவோம். டைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி, இரட்டை இடைவெளி, பக்க எண். அவ்வளவுதான். கூடவே வரி எண் போடுங்கள். வேர்டில் லேஅவுட் பகுதியில் லைன் நம்பர்ஸ் என்பதை அழுத்தி 'கன்டின்யுவஸ்' என்று கொடுத்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே தொடராக எண் ஓடும். பக்கத்துக்குப் பக்கம் 1-லிருந்து தொடங்கும் வகை வேண்டாம். ரிவியூவர் (கட்டுரையை மதிப்பிடும் நிபுணர்) "214-ஆம் வரியில் சொன்னதும் 90-ஆம் வரியில் சொன்னதும் முரண்படுகின்றன" என்று எழுதுவார். அந்த 90 எந்தப் பக்கத்து 90 என்று அப்புறம் யாரும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

அச்சாகி வருவது போலவே பக்கத்தை இரண்டு பத்தியாக (காலமாக) பிரித்து அழகுபடுத்தித் தர வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். எல்சேவியர் பதிப்பகத்தின் பல ஜர்னல்கள் 'யுவர் பேப்பர் யுவர் வே' என்ற பெயரில் முதல் முறை எந்த வடிவத்தில் அனுப்பினாலும் வாங்கிக்கொள்கின்றன. ரெஃபரன்ஸ்கூட ஏதாவது ஒரு முறையில் சீராக இருந்தால் போதும். ஐ.இ.இ.இ. என்ற மின்பொறியாளர் சங்கத்தின் இதழ்கள் இதற்கு நேர்மாறு. அங்கே பெரும்பாலும் அவர்களுடைய இரண்டு பத்தி டெம்ப்ளேட்டிலேயே கேட்பார்கள். அதனால் 'கைடு ஃபார் ஆதர்ஸ்' பக்கத்தை ஒருமுறை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். என்னிடம் இருக்கும் பிள்ளைகள் அதைப் படிப்பதே இல்லை. அதே ஜர்னலில் வந்த ஒரு கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து அடிக்கிறார்கள். அச்சான கட்டுரை பந்தியில் பரிமாறிய இலை. உங்களிடம் கேட்பதோ சமையல்கட்டுக்குப் போகிற காய்கறி.

உங்கள் கட்டுரையை முதலில் திறப்பவர் எடிட்டர் என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்னால் சரிபார்ப்புப் பணியில் இருக்கும் ஒருவர் பார்ப்பார். அவருக்கு உங்கள் வேதியியல் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கையில் ஒரு பட்டியல் இருக்கும். சுருக்கம் சொல் வரம்புக்குள் இருக்கிறதா, படங்கள் தெளிவாக இருக்கின்றனவா, முரண்நலன் அறிக்கை (இந்த ஆய்வால் உங்களுக்குச் சொந்த ஆதாயம் உண்டா என்பது) இருக்கிறதா, தரவு எங்கே கிடைக்கும் என்ற வரி இருக்கிறதா, நிதி யார் தந்தது, எந்தக் கட்டுரையாளர் என்ன வேலை செய்தார், மனிதர்களிடமோ விலங்குகளிடமோ மாதிரி எடுத்திருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் எங்கே? ஒன்று விடுபட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார். வடிவமைப்பில் பாதி வேலை இந்த மனிதருக்காகத்தான். யார் என்ன செய்தார் என்பதை எழுத 'கிரெடிட்' என்ற பெயரில் 14 வகைப் பங்களிப்புகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எல்சேவியர் 'ஹைலைட்ஸ்' (கட்டுரையின் முக்கிய முடிவுகள்) கேட்டால் 3 முதல் 5 வரிகள், ஒவ்வொன்றும் இடைவெளி உட்பட 85 எழுத்துக்குள். ஆங்கிலத்தில் அது சுமாராகப் பன்னிரண்டு சொல். அந்த ஐந்து வரிக்கு நான் ஒரு மாலை முழுக்கச் செலவழித்திருக்கிறேன்.

அடுத்து படங்கள். என் முதல் கட்டுரை இரண்டே நாளில் திரும்பி வந்தது இதனால்தான். தர்மபுரிப் பக்கத்துக் கிணறுகளில் மாதிரி எடுத்த இடங்களைக் காட்டும் வரைபடம் அது. திரையில் பளிச்சென்று இருந்ததால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேர்டில் ஒட்டிவிட்டேன். கணக்கைப் பாருங்கள். எல்சேவியர் ஜர்னலில் ஒரு பத்தியின் அகலம் 90 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். புகைப்பட வகைக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்கிறார்கள் என்றால் படத்தின் அகலம் குறைந்தது 1063 பிக்சல் இருக்க வேண்டும். வெறும் கோட்டுப் படத்துக்கு 1000 புள்ளி, அப்படியென்றால் 3543 பிக்சல். என் ஸ்க்ரீன்ஷாட்டில் வரைபடம் இருந்த பகுதி 600 பிக்சலைத் தாண்டவில்லை.

அப்புறம் நான் செய்ததுதான் இன்னும் மோசம். ஒரு மென்பொருளில் திறந்து, புள்ளி அடர்த்தி 72 என்று இருந்த இடத்தில் 300 என்று மாற்றிச் சேமித்தேன். எண் மாறியது, மங்கல் மாறவில்லை. கால் படி அரிசியைப் பெரிய பாத்திரத்தில் கொட்டினால் அரிசி கூடாது, இல்லையா? படத்தை வரைந்த மென்பொருளிலிருந்தே பெரிதாக வெளியே எடுக்க வேண்டும். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் லேஅவுட் திறந்து ஏற்றுமதி செய்யும்போதே புள்ளி அடர்த்தியைக் கொடுக்கலாம், கிராஃப் வரையும் ஆரிஜினிலும் அப்படித்தான். வரைபடக் கோடுகள், கிராஃப் போன்றவற்றை இபிஎஸ் அல்லது பிடிஎஃப் ஆக எடுத்தால் பிக்சல் கணக்கே வேண்டாம், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. இன்னொன்று, வேர்டு சேமிக்கும்போது படத்தைத் தானாகவே சுருக்கிவிடும். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய், படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியில் டிக் செய்யுங்கள். எப்படியும் படங்களைத் தனித்தனி ஃபைலாக வைத்திருப்பது நல்லது. கடைசியாக, படத்தை 90 மில்லிமீட்டர் அகலத்துக்கே அச்செடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். அச்சில் எழுத்து 7 புள்ளி அளவிலாவது நிற்க வேண்டும். திரையில் பெரிதாகத் தெரிந்த எழுத்து தாளில் எறும்பாகிவிடும்.

படத்தைவிட என்னைப் பயமுறுத்தியது ஒரே ஒரு எழுத்து. லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்று எழுதும்போது வரும் கிரேக்க 'மியூ'. பழைய ஃபைல் ஒன்றில் அதை சிம்பல் ஃபாண்டில் அடித்திருந்தேன். அந்த ஃபாண்டில் ஆங்கில 'எம்' எழுத்தைத் தட்டினால் மியூ உருவம் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது 'எம்'தான். கடைசி நாள் "எல்லாம் ஒரே ஃபாண்டில் இருக்கட்டும்" என்று மொத்தக் கட்டுரையையும் செலக்ட் செய்து டைம்ஸ் நியூ ரோமன் ஆக்கினேன். அட்டவணையில் இருந்த மைக்ரோகிராம் எல்லாம் மில்லிகிராம் ஆகிவிட்டன. பாமினியில் அடித்த தமிழ்க் கடிதத்தை அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுமே, அதே சங்கதி. அங்கேயாவது குப்பை என்று கண்ணுக்குத் தெரியும். இங்கே 8 மைக்ரோகிராம் ஈயம் சத்தமில்லாமல் 8 மில்லிகிராம் ஆகி உட்கார்ந்திருந்தது. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நான் காட்டிய கிணறு அதைப் போல 800 மடங்கு. கைடு அட்டவணையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு யாராவது உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 0181 அடித்துத்தான் மியூ போடுகிறேன். டைம்ஸ் நியூ ரோமன் ஆக்கினாலும் அது 'எம்' ஆகாது.

அட்டவணை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வேர்டின் டேபிள் வசதியில்தான் போட வேண்டும். எக்செலிலிருந்து படமாக ஒட்டாதீர்கள், ஸ்பேஸ் தட்டித் தட்டி வரிசைப்படுத்தாதீர்கள். எக்செல் தரும் சராசரியை அப்படியே எழுதாதீர்கள். உங்கள் கருவி இரண்டு தசமம் காட்டுகிறது என்றால் 1.3742857 என்ற ஃப்ளோரைடு அளவு எங்கிருந்து வந்தது என்று ரிவியூவர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: பெயர். நமக்கு இனிஷியலும் பெயரும்தான், குடும்பப் பெயர் கிடையாது. சமர்ப்பிக்கும் தளத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நான் இனிஷியலை விரித்துக் கடைசிப் பெயரில் அப்பா பெயரைப் போட்டேன். கட்டுரை வெளிவந்தபோது மேற்கோள்களில் எல்லாம் அப்பா பெயர் முழுதாகவும் என் பெயர் ஓரெழுத்தாகவும் இருந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர், டீக்கடையில் காட்டிச் சந்தோஷப்பட்டார். அடுத்த கட்டுரையில் உஷாராகி மாற்றிப் போட்டேன். இப்போது தேடுதளங்களில் நான் இரண்டு ஆள். எந்த முறை சரி என்று விதி எதுவும் இல்லை; முதல் கட்டுரைக்கு முன்னாலேயே ஒன்றை முடிவு செய்து, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட்டையும் இன்றைக்கே வாங்கிவிடுங்கள். 16 இலக்கம், இலவசம், பெயர் எப்படித் திரிந்தாலும் கட்டுரைகள் அந்த ஒரே எண்ணின் கீழ் சேரும். நான் தாமதமாகத்தான் வாங்கினேன்.

ரெஃபரன்ஸுக்கு ஸோட்டீரோ என்ற மென்பொருள் போதும், காசு கேட்காது. ஜர்னல் மாறினால் பாணியை ஒரு க்ளிக்கில் மாற்றிக்கொள்ளலாம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது உங்கள் பட்டியலில் இருந்தால் எச்சரிக்கையும் தரும். ஆனால் கூகுள் ஸ்காலரிலிருந்து இழுத்த விவரங்களை நம்பிவிடாதீர்கள். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில், பக்க எண் இல்லாமல் என்றெல்லாம் வரும். ஒவ்வொன்றையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள், கசப்பான வேலைதான்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் சொல்லும் 10 சதவீத ஒற்றுமை வரம்பு (உங்கள் எழுத்து பிற கட்டுரைகளோடு எவ்வளவு ஒத்துப்போகலாம் என்பது) யு.ஜி.சி.யின் 2018 விதிகளிலிருந்து வருவது. ஜர்னல் எடிட்டர் சதவீதத்தைவிட எந்தப் பகுதி, எங்கிருந்து ஒத்துப்போகிறது என்பதைத்தான் பார்ப்பார். செய்முறைப் பகுதியை உங்கள் சீனியரின் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்திருந்தால் 6 சதவீதமும் பிரச்சினைதான்.

கவர் லெட்டர் அரைப் பக்கம் போதும். ஆனால் முந்தைய ஜர்னலின் பெயர் அதில் எங்கேயும் மிச்சம் இல்லையே என்று பாருங்கள். நான் ஒருமுறை அப்படி அனுப்பி, எடிட்டர் ஒரே வரியில் திருப்பினார். ரிவியூவருக்கு உங்கள் பெயர் தெரியக் கூடாது என்கிற ஜர்னல் என்றால் நன்றியுரையைத் தனி ஃபைலுக்கு மாற்றுங்கள், வேர்டின் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' வசதியால் ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் பெயரையும் நீக்குங்கள். ட்ராக் சேஞ்சஸ், ஓரக் குறிப்புகள் ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. "இந்தப் பத்தி எதுக்கு?" என்று உங்கள் கைடு கேட்ட குறிப்பை ரிவியூவரும் படித்தால், அவரும் அதையேதான் கேட்பார்.

எல்லா ஃபைலையும் ஏற்றியபின் தளமே அவற்றைச் சேர்த்து ஒரு பிடிஎஃப் செய்து உங்கள் ஒப்புதலுக்கு வைக்கும். நடுராத்திரியில் களைத்துப்போய் 'அப்ரூவ்' அழுத்தாதீர்கள். அச்செடுத்து, காலையில், முடிந்தால் வேறு யாரையாவது பக்கம் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். மியூ கட்டமாக மாறுவது, சமன்பாடு காணாமல் போவது, மூன்றாம் படம் இரண்டு முறை வருவது எல்லாம் இங்கேதான் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் 'சென்ட் பேக்' என்று திரும்பி வரலாம். அது நிராகரிப்பு இல்லை, அந்தச் சரிபார்ப்பவர் கேட்பதைச் சேர்த்தால் போதும். அதே பதிவுக்குள் போய்த் திருத்தி அனுப்புங்கள். நான் பதற்றத்தில் புதிதாக இன்னொரு சமர்ப்பிப்பைத் தொடங்கிவிட்டேன். ஒரே கட்டுரை இரண்டு எண்ணில் கிடக்கிறது, எதை வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டு ஒரு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது.