ஃபுட்ஹில்லா, யூனிட்டா, கிளார்க் கெர்ரா? பெர்க்லியில் முதலாண்டு விடுதியை எந்த வரிசையில் கேட்பது

கேள்வி: என் மகளுக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஈ.ஈ.சி.எஸ். (மின்பொறியியலும் கணினி அறிவியலும்) படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விடுதி விண்ணப்பத்தில் விருப்ப வரிசை கேட்கிறார்கள். துறைக் கட்டடத்துக்குப் பக்கம் என்பதால் ஃபுட்ஹில்லை முதலில் போடச் சொல்கிறேன். அவள் யூனிட் 1 என்கிறாள். என் மனைவிக்கு, பெண்கள் மட்டுமே தங்கும் ஸ்டெர்ன் பிடித்திருக்கிறது. செலவைப் பார்த்தால் மூன்று பேர் அறைதான் தோது. மகள் சைவம், பத்தரை மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிற பெண். கூடவே ரைஸ் குக்கரும் சின்ன சாமி விளக்கும் எடுத்துப் போகலாமா என்றும் சொல்லுங்கள். (கோவையிலிருந்து ஒரு தந்தை)

பதில்: நீங்கள் மூன்று பேரும் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது: பத்தரை மணித் தூக்கமும் மூன்று பேர் அறையும். அதற்கு வருவதற்கு முன் ஃபுட்ஹில்லைப் பார்த்துவிடலாம்.

ஃபுட்ஹில் துறைக்குப் பக்கம் என்பது உண்மைதான். துறைக் கட்டடங்களான சோடா ஹால், கோரி ஹால் இரண்டும் வளாகத்தின் வடக்கு ஓரம், ஹெர்ஸ்ட் அவென்யூவில் இருக்கின்றன. அதே தெருவில் மேலே ஏறினால் ஃபுட்ஹில். சுமார் ஐந்து நிமிட நடை. ஆனால் முதலாண்டில் அவள் நாள் முழுக்கத் துறைக் கட்டடத்தில் இருக்கப் போவதில்லை. கணிதம், இயற்பியல், கட்டாய எழுத்துப் பாடம் என்று வகுப்புகள் வளாகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். நூற்றுக்கணக்கானோர் உட்காரும் விரிவுரைகள் வீலர், டுவினெல் போன்ற கட்டடங்களில் நடக்கும்; அவை வளாகத்துக்குத் தெற்கே உள்ள யூனிட் 1, 2, 3 விடுதிகளுக்குத்தான் பக்கம். சோடாவிலும் கோரியிலும் ஆய்வக நேரங்கள் இருக்கும், மறுக்கவில்லை. அதற்காக மட்டும் விடுதியைத் தேர்ந்தெடுப்பது மூன்றாம் ஆண்டு மாணவிக்குப் பொருந்தும் யோசனை.

பகல் நேரத் தூரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படவும் வேண்டாம். அங்கே 'பெர்க்லி நேரம்' என்று ஒரு வழக்கம் உண்டு: பத்து மணி வகுப்பு என்றால் பத்து பத்துக்குத்தான் தொடங்கும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். கணக்கில் எடுக்க வேண்டியது இரவு ஒன்பது மணி. அப்போது அவள் எங்கே இருப்பாள்? மாஃபிட் நூலகத்திலோ, குழுவாக வீட்டுப்பாடம் செய்துகொண்டோ, ஏதாவது மாணவர் மன்றக் கூட்டத்திலோ. அங்கிருந்து தெற்கே போவது எளிது. கடைகளும் விளக்கும் ஆள் நடமாட்டமும் இருக்கும். வளாகம் மேற்கிலிருந்து கிழக்கே ஏறிக்கொண்டே போகிறது என்பதால் ஃபுட்ஹில்லுக்குத் திரும்புவது மேடேறும் வேலை. காலையில் சுகமாக இறங்கி வருகிற அதே மேடு. இரவில் தனியாக நடக்க வேண்டாம் என்றால் பேர்வாக் என்ற இலவச வழித்துணைச் சேவை இருக்கிறது, இரவு ஷட்டிலும் ஓடுகிறது. எந்த விடுதி கிடைத்தாலும் முதல் வாரத்திலேயே இரண்டையும் ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அறைக்கு வருவோம்.

யூனிட் 1, 2, 3 மூன்றிலும் உள்ள உயரமான கோபுரக் கட்டடங்கள் 1960-களின் வார்ப்பு. நீண்ட நடைக்கூடம், இருபுறமும் அறைகள், தளத்துக்குப் பொதுவான குளியலறை. இருவருக்கென்று கட்டிய அறைகள் பலவற்றில் இன்று மூன்று கட்டில்கள் கிடக்கின்றன. மூன்று மேசை, மூன்று அலமாரி போக மிஞ்சுகிற தரையில் பெட்டியைத் திறந்துவைக்க இடம் தேட வேண்டியிருக்கும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியது, பிள்ளைகள் சமாளிக்கிறார்கள். தூக்கம்தான் அப்படியில்லை. இருவர் அறையில் இன்னொரு பெண் ஒருத்தியோடு பேசி உடன்பாட்டுக்கு வந்தால் போதும். மூவர் அறையில் மற்ற இருவரும் ஒரு மணிவரை விழிக்கிறவர்களாக இருந்தால் பத்தரை மணிக்காரி சிறுபான்மை. விளக்கை அணைக்கச் சொல்லி ஒவ்வொரு இரவும் கேட்க முடியாது. ஒரு வாரத்தில் கேட்பதையே நிறுத்திவிடுவாள். மறுநாள் காலை எட்டு மணி வகுப்பு போய்விடும்.

மூவர் அறை மலிவு என்பது நிஜம், வித்தியாசம் அலட்சியப்படுத்தக்கூடிய தொகையும் அல்ல. அதனால் இருவர் அறைதான் எடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பணம் எங்கே மிச்சமாகிறதோ அங்கே எதை இழக்கிறோம் என்று தெரிந்து இழக்க வேண்டும், அவ்வளவுதான். மூவர் அறைதான் என்று முடிவானால் கோபுரத்துக்குப் பதில் 'மினி சூட்' வகையைப் பாருங்கள். யூனிட் 1-இல் ஸ்லாட்மன், கிறிஸ்டியன்; யூனிட் 2-இல் டவுல், வாடா. இவை கோபுரங்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 2000-களில் அதே வளாகத்துக்குள் எழுந்த கட்டடங்கள். குளியலறையைத் தளம் முழுவதும் பகிராமல் சில அறைகள் மட்டும் பகிர்ந்துகொள்ளும். காலை ஏழரை மணி வரிசையை நினைத்துப் பாருங்கள், இதன் அருமை தெரியும். கோபுரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்: நடைக்கூடத்தில் கதவைத் திறந்துவைத்தால் நண்பர்கள் தாமாகவே கிடைப்பார்கள். யாரும் தெரியாத நாட்டுக்குத் தனியாக வருகிற கூச்ச சுபாவப் பெண்ணுக்கு அது லேசான விஷயமல்ல. உங்கள் மகள் யூனிட் 1 கேட்பதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

ஸ்டெர்ன் பற்றி உங்கள் மனைவிக்கு. 1942-இல் திறந்த விடுதி, இன்றும் பெண்களுக்கு மட்டும். உள்ளே டியேகோ ரிவேரா 1931-இல் வரைந்த சுவரோவியம் ஒன்று இருக்கிறது. ஒரு விடுதிக்குள் அப்படி ஒன்று இருப்பது அபூர்வம். ஃபுட்ஹில்லுக்குப் பக்கத்திலேயே என்பதால் சாப்பாடு ஃபுட்ஹில் உணவகத்தில். அமைதியான இடம்தான். ஆனால் பெண்கள் விடுதி என்றதும் நம்மூர் லேடீஸ் ஹாஸ்டலை நினைத்துக்கொள்ள வேண்டாம். வார்டனோ, இரவு எட்டரைக்குப் பூட்டும் கேட்டோ கிடையாது. விருந்தினர் வரலாம், போகலாம். மற்ற விடுதிகளிலும், தாங்களாகவே வேறு மாதிரி கேட்டால் ஒழிய, அறைத்தோழி பெண்ணாகத்தான் இருப்பார். தளத்தில் ஆண்களும் இருப்பார்கள். பாதுகாப்புக்காக ஸ்டெர்ன் என்பதைவிட, அமைதி பிடிக்கும் என்பதால் ஸ்டெர்ன் என்பது சரியான காரணம். மகளுக்கும் அது பிடித்திருக்க வேண்டும்.

பெண்கள் சூழல் வேண்டும் ஆனால் துறை சார்ந்து வேண்டும் என்றால் 'வுமன் இன் ஸ்டெம்' என்ற தீம் திட்டம் ஒன்று இருக்கிறது. அறிவியல், பொறியியல் படிக்கிறவர்களை ஒரே இடத்தில் சேர்த்துத் தங்கவைப்பது. விண்ணப்பத்திலேயே தனியாக விருப்பம் தெரிவிக்க வேண்டும். ஈ.ஈ.சி.எஸ். மாணவிக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். வகுப்பில் ஆண்கள் கூட்டம் அதிகமுள்ள துறை, இரவு பதினோரு மணிக்குச் சந்தேகம் கேட்க அடுத்த அறையிலேயே ஒருத்தி இருப்பது பெரிய விஷயம். (பதினோரு மணி என்றேனா? உங்கள் மகள் விஷயத்தில் ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.)

கிளார்க் கெர் புகைப்படத்தில் எல்லாரையும் மயக்கும். ஸ்பானிய பாணி ஓட்டுக் கூரை, மரங்கள், நீச்சல் குளம். ஒரு காலத்தில் காதுகேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான மாநிலப் பள்ளிகள் அங்கே இருந்தன. அவை ஃப்ரீமான்ட்டுக்கு இடம் மாறியபின் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பெர்க்லியின் முதல் சான்சலரான கிளார்க் கெர்ரின் பெயர். சொந்த உணவகமும் உண்டு. வளாகத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல், நடந்தால் இருபது நிமிடம்; சோடாவுக்கு அதற்கும் மேல். 'ஏ.சி. டிரான்சிட்' என்ற உள்ளூர்ப் பேருந்து நிறுவனத்தின் பஸ் பாஸ் மாணவர் கட்டணத்திலேயே அடக்கம், ஆனால் ஆய்வகம் முடிந்து இரவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பது தினசரி வேலையாகிவிடும். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே அறைக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்து எழும் சுகமும் இல்லை. உங்கள் மகளுக்கு இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

மற்றவை சுருக்கமாக. யூனிட் 2-ஐ ஒட்டிப் பீப்பிள்ஸ் பார்க் நிலம் இருக்கிறது. பல ஆண்டு வழக்கு 2024-இல் முடிந்து அங்கே மாணவர் குடியிருப்பு கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் ஜன்னல் கிடைத்தால் காலையில் இயந்திரச் சத்தம் கேட்கலாம், வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். யூனிட் 3 கடைத்தெருவான டெலிகிராஃப் அவென்யூவுக்கு மிகப் பக்கம். வசதியும் அதுதான், இரைச்சலும் அதுதான். பிளாக்வெல் 2018-இல் திறந்தது. புள்ளியியல் மேதை டேவிட் பிளாக்வெல்லின் பெயர். தெருவைத் தாண்டினால் வளாகம். புதிய கட்டடம் என்பதால் கேட்கிறவர்களும் அதிகம். பெரும்பாலான விடுதிகளில் ஏ.சி. கிடையாது, பெர்க்லியில் வெயில் கடுமையாவது செப்டம்பர், அக்டோபரில், அதாவது வகுப்பு தொடங்கிய கையோடு. போனதும் ஒரு டேபிள் ஃபேன் வாங்கிவிடட்டும். ஹேவர்ட் நிலப்பிளவு ஃபுட்ஹில்லுக்கு அருகே ஓடுகிறதே என்று சிலர் கேட்பார்கள். ஓடுகிறது, வளாகத்து ஸ்டேடியத்துக்கு அடியிலேயே ஓடுகிறது. கடைசியாக அது பெரிதாக அசைந்தது 1868-இல். அசைந்தால் ஊரே குலுங்கும், யூனிட் 3-இல் இருப்பதால் தப்பித்துவிட முடியாது. இதைவைத்து விடுதி தேர்வு செய்ய வேண்டாம்.

சைவத்துக்குக் கவலை வேண்டாம். கிராஸ்ரோட்ஸ், கஃபே 3, ஃபுட்ஹில், கிளார்க் கெர் என்று நான்கு உணவகங்கள், எங்கே தங்கினாலும் எதிலும் சாப்பிடலாம். எல்லாவற்றிலும் சைவமும் வீகனும் உண்டு. நம் நாக்குக்குச் சப்பென்று இருக்கும் நாட்களும் உண்டு. ஊறுகாய், பருப்புப் பொடி வகையறா யூனிவர்சிட்டி அவென்யூ இந்தியக் கடைகளில் கிடைக்கும், பெட்டியை அதனால் நிரப்ப வேண்டாம்.

வரிசையை எழுதும்போது பலர் சறுக்குவது ஓர் இடத்தில். முதல் இடத்தில் ஒரு கனவு அறையை எழுதிவிட்டு மீதியை ஏனோதானோ என்று நிரப்புவார்கள். முதலாண்டுக்காரர்கள் கெடு தேதிக்குள் விண்ணப்பித்தால் விடுதி இடம் உறுதி. கேட்ட அறை உறுதியில்லை. ஆகவே மூன்றாவது, நான்காவது விருப்பம் கிடைக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. இடம், அறை வகை இரண்டில் எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று முதலில் தீர்மானியுங்கள். விட்டுக்கொடுக்க முடியாததை வரிசை முழுக்க மாற்றாமல் வைத்துக்கொண்டு, மற்றதை மட்டும் மாற்றிக்கொண்டே போகட்டும். உங்கள் மகளுக்கு அறை வகைதான் மாறக்கூடாதது. என்னைக் கேட்டால் யூனிட் 1 மினி சூட்டில் இருவர் அறை, அப்புறம் யூனிட் 2-இல் அதே, அப்புறம் ஃபுட்ஹில்லில் இருவர் அறை, அப்புறம் ஸ்டெர்ன் இருவர் அறை. பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் இதே வரிசையை மூவர் அறையாக எழுதுங்கள், ஸ்டெர்னை ஒரு படி மேலே ஏற்றுங்கள். அங்கே கட்டடமே அமைதி, மூவர் அறையின் சங்கடத்தைக் கொஞ்சம் ஈடுகட்டும்.

அறைத்தோழிக்கான கேள்விகளை அவளே நிரப்ப வேண்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்குவாய், அறையில் விருந்தினர் வரலாமா, எவ்வளவு சுத்தம் வேண்டும் என்பதற்கெல்லாம் அப்பா பார்க்கிறாரே என்று நல்ல பிள்ளைப் பதில் எழுதினால், நல்ல பிள்ளையாக நடிக்கும் இன்னொருத்தி வந்து சேர்வாள். பத்தரை மணித் தூக்கம் உங்களுக்காகவா, அவள் இயல்பா என்பதும் அப்போது தெரிந்துவிடும். இயல்பில்லை என்றால் மேலே நான் போட்ட வரிசை முழுக்க மாறும். கோபுரத்து இருவர் அறை இரண்டாம் இடத்துக்கு வரலாம்.

விடுதி ஒப்பந்தத்தில் ரத்துக் கட்டணப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். விசா தாமதமானால் எந்தத் தேதிவரை, எவ்வளவு இழப்பில் விலகலாம் என்பது உங்களுக்கு முக்கியம். சந்தேகமிருந்தால் விடுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அறை ஒத்துவராவிட்டால் வகுப்புகள் தொடங்கியபின் மாற்றம் கேட்க வழி இருக்கிறது. முதலில் தளத்துப் பொறுப்பு மாணவரான ஆர்.ஏ.விடம் பேச வேண்டும்.

ரைஸ் குக்கரை எடுத்துப் போகாதீர்கள். சூடேறும் தகடுள்ள சாதனங்களை அறையில் வைக்க அமெரிக்க விடுதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. போதாததற்கு நம்மூர்ச் சாதனம் 230 வோல்ட், அங்கே 120. விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றக்கூடாது, மெழுகுவத்திகூடத் தடை. புகை உணர்கருவி அலறினால் ஒன்பது மாடியும் நள்ளிரவில் தெருவுக்கு இறங்கும். சாமி படமும் பேட்டரியில் எரியும் சின்ன விளக்கும் வைத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். போர்வை, விரிப்பு இங்கே வாங்கவே வேண்டாம். அங்கே மெத்தை 'ட்வின் எக்ஸ்.எல்.' என்ற அளவு, 38 அங்குல அகலம், 80 அங்குல நீளம். கோவையில் வாங்கும் ஒற்றைக் கட்டில் விரிப்பு கால்மாட்டில் எட்டாமல் போகலாம்.