சபையில் தன்னார்வலராக இருக்கிறேன். உள்ளரசியலில் சிக்காமல் ஊழியம் செய்வது எப்படி?

கேள்வி கேட்டவர் பாடகர் குழுவையும் ஞாயிறு பள்ளியையும் பார்த்துக்கொள்கிறார். போதகர் ஒன்று சொல்ல, கமிட்டி வேறொன்று சொல்ல, நடுவில் இவர் தலை உருள்கிறது. விலகவும் மனமில்லையாம்.

சபைக்குள் சண்டை வருவது புதிதல்ல. பைபிளில் முதல் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நூலின் 6ஆம் அதிகாரத்தில் வருவது பந்திச் சண்டைதான். அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்து அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அந்த வேலையை அவர்களிடம் விட்டுவிட்டார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள், அதாவது குறை சொன்ன தரப்பின் மொழிப் பெயர்கள் என்பதையும் கவனியுங்கள்.

உங்களுக்கும் அதுதான் தேவை: வேலைக்கு ஒரு எல்லை. தன்னார்வலர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் 'கொஞ்சம் பாத்துக்கோங்க' என்ற வாய்வார்த்தையில்தான். எதைப் பார்த்துக்கொள்வது, யாரிடம் கேட்பது, எவ்வளவு செலவழிக்கலாம், எதுவரை என்று எதுவும் அதில் இல்லை. ஆகவே, பொறுப்பேற்கும்போதே போதகருக்கும் செயலருக்கும் சேர்த்து ஒரே செய்தி அனுப்புங்கள்: "ஞாயிறு ஆராதனைப் பாடல்களை நான் தேர்ந்தெடுத்து வியாழனுக்குள் போதகருக்கு அனுப்புகிறேன். மாற்றம் இருந்தால் வெள்ளி இரவுக்குள் அவர் மட்டும் சொல்ல வேண்டும். இந்தப் பொறுப்பு ஓராண்டுக்கு." ஞாயிறு காலை ஒரு மூப்பர் (சபை நிர்வாகத்தில் இருக்கும் மூத்தவர்) மைக் அருகே வந்து 'அந்தப் பாட்டு வேண்டாம்' என்றால், 'போதகரிடம் சொல்லுங்கள் ஐயா, அவர் சொன்னால் மாற்றிவிடுகிறேன்' என்பதோடு முடிந்துவிடும்.

முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் (1983) 536ஆம் விதிப்படி பங்கு மேய்ப்புப்பணிப் பேரவைக்கு (பங்குத்தந்தைக்கு உதவும் குழு) ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. அங்கே வாக்கில் ஜெயித்தாலும் முடிவு பங்குத்தந்தையுடையது. புரொட்டஸ்டன்ட் சபைகளில், மூப்பர்கள் நடத்தும் பிரஸ்பிட்டேரியன் அமைப்பில் மூப்பர் சங்கத்துக்கும், உறுப்பினர்களே நடத்தும் காங்கிரிகேஷனல் அமைப்பில் உறுப்பினர் கூட்டத்துக்கும் அந்த அதிகாரம். இது தெரியாமல் தவறான இடத்தில் வாதாடிச் சலித்துப்போகிறவர்கள் ஏராளம்.

அடுத்தது பணம். பழி வந்து விழுவது இங்கேதான். காணிக்கையைத் தனியாக எண்ணவே எண்ணாதீர்கள், ஐந்து நிமிடம்தான் என்றாலும். உறவினரல்லாத இருவர், அறைக்கதவைத் திறந்து வைத்து, ஆளுக்கொரு முறை எண்ணி, தொகை வாரியாகத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதி பொருளாளருக்கு, ஒன்று கோப்புக்கு. அந்தப் பணத்திலிருந்தே பூவுக்கும் டீக்கும் எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பிறகு எண்ணிய தொகையும் வங்கியில் கட்டிய தொகையும் ஒருநாளும் ஒத்துப்போகாது. முழுத்தொகையையும் கட்டிவிட்டு, செலவை ரசீது வைத்துத் தனியாக வாங்குங்கள். 'ஆர்கன் பழுதுக்கு' என்று ஒருவர் கொடுத்தது கூரைக்குப் போனால் சண்டை நிச்சயம். எருசலேமுக்கான உதவிப் பணத்தைக் கொண்டுபோகத் தீத்துவோடு வேறு சகோதரர்களையும் பவுல் அனுப்பினார். யாரும் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்பதே காரணம் (2 கொரிந்தியர் 8).

பேச்சு விஷயத்துக்கு வருவோம். "நிறைய பேர் வருத்தப்படுறாங்க" என்று ஒருவர் வருவார். பெரும்பாலும் அந்த நிறைய பேர் அவரும் அவர் வீட்டாரும்தான். 'யார் என்று சொல்லுங்கள், நானே போய்ப் பேசுகிறேன்' என்று கேளுங்கள். பெயர் வந்தால் பேசுங்கள். வராவிட்டால் அதைச் சுமக்க வேண்டியதில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகும் தபால்காரராக நீங்களும் ஆகாதீர்கள். தவறு செய்தவரிடம் பேச மத்தேயு 18 சொல்லும் வரிசை, முதலில் தனியாக, பிறகு ஓரிரு சாட்சிகளோடு, கடைசியில் சபையிடம். வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பிப்பது அந்த வரிசையைத் தலைகீழாக்குவது.

ஆனால், பிள்ளைகளிடம் தகாத நடத்தை, பணக்கையாடல் இரண்டும் சபை அரசியல் அல்ல, குற்றம். பிள்ளை விஷயத்தில் சம்பந்தப்பட்டவரைத் தனியாகச் சந்தித்து 'சரிசெய்ய' முயன்றால் தடயம் அழியும், பிள்ளை மிரட்டப்படும். உடனே காவல்துறைக்கோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ சொல்லுங்கள். 'சபைப் பெயர் கெட்டுப்போகும்' என்று யார் தடுத்தாலும் கேட்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் முடியவில்லை என்றால் தேதி குறித்து விலகுங்கள். ஒரு மாத அவகாசம் போதும். கடிதத்தில் காரணம் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். நீளமாக எழுதினால் அடுத்த கூட்டத்தில் அதுவே வாசிக்கப்படும். சாவிகள், கணக்குப் புத்தகம், சவுண்ட் சிஸ்டம் பொருட்களின் பட்டியல், யூடியூப் கணக்கின் கடவுச்சொல், குழு அட்மின் பொறுப்பு எல்லாவற்றையும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.