மும்பையில் சனிக்கிழமை ராத்திரி தம்பியைக் கைது செய்துவிட்டார்கள். ஜாமீனுக்குத் திங்கள் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் மும்பையில் மாஜிஸ்திரேட் உட்காருவார், ஹாலிடே கோர்ட் என்பார்கள். கைதான 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் தனி) மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22(2). ஞாயிறு, தீபாவளி, கணபதி விசர்ஜனம் எதற்கும் அதில் விலக்கு கிடையாது.

நான் வக்கீல் இல்லை. தாராவியில் பிறந்து வளர்ந்தவன். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று பலருக்காக ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் நின்றிருக்கிறேன், ஷூரிட்டியாக, அதாவது ஜாமீன்தாரராக, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நான் பார்த்தவரை ஜாமீன் கிடைப்பதைவிட, கிடைத்த ஜாமீனில் ஆளை வெளியே கொண்டுவருவதுதான் இழுத்தடிக்கும். அதனால் சனிக்கிழமை ராத்திரியை அழுகையிலும் போன் பேச்சிலும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் ஸ்டேஷன். இரண்டு பேர் போனால் போதும். தெருவே திரண்டு போனால் டியூட்டி ஆபீசர் முகம் கொடுக்க மாட்டார், கஷ்டம் உள்ளே இருக்கும் பையனுக்கு. எந்தப் பிரிவு, ஜாமீன் தரக்கூடிய குற்றமா, கைது நேரம் என்ன என்று கேளுங்கள். ஜாமீன் தரக்கூடிய குற்றம் என்றால் கோர்ட்டுக்கே போகவேண்டாம். பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனிலேயே விடவேண்டும். பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 478வது பிரிவு அதை உரிமையாகவே தருகிறது, தயவு இல்லை. தெருச்சண்டை என்றால் சில சமயம் 'சாப்டர் கேஸ்' (இனி அமைதி காக்கவேண்டும் என்ற முன்னெச்சரிக்கை நடவடிக்கை) போட்டு நன்னடத்தைப் பத்திரத்தோடு முடித்துவிடுவார்கள்.

கைது நேரத்தில் ஒரு கண் இருக்கட்டும். சாயங்காலம் 'விசாரணைக்கு' என்று கூட்டிப்போய், நள்ளிரவு தாண்டிக் கைது என்று எழுதுவது நடக்கிறது. 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று சொல்ல வாட்ஸப் செய்தியோ கடை சிசிடிவியோ உதவும். இன்னொன்று, நம் ஆட்களுக்கு ரொம்ப முக்கியமானது: கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும், உடனே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் போடும் உத்தரவு) நிறுத்த இரண்டு மணி நேரம் முன்னாலாவது தரவேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவும் ஒரு மும்பை வழக்கில். திருநெல்வேலியிலிருந்து போன வருஷம் வந்த பையனிடம் மராத்தியில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அதை வக்கீலிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுக்காமல் ஏன் கைது செய்தார்கள் என்பதும் வாதம்தான். 2014ல் அவசியமில்லாமல் கைது கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்ததிலிருந்து எல்லா வக்கீலும் இதை எடுப்பார்கள்.

ஞாயிறு காலையில் எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று ஐ.ஓ.விடம் (வழக்கை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி) கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விடுமுறை நாளில் இடம் மாறும். நீங்கள் பாந்த்ராவில் காத்திருக்க, ஆள் தென் மும்பையில் கில்லா கோர்ட்டில் இருப்பார். அடிபட்டிருந்தால் மருத்துவப் பரிசோதனையில் டாக்டரிடமும், பிறகு மாஜிஸ்திரேட்டிடமும் தம்பியே வாய்விட்டுச் சொல்லவேண்டும். பயந்து 'ஒன்றுமில்லை சாப்' என்று சொன்னால் அப்படியே பதிவாகிவிடும்.

அங்கே நடப்பது ரிமாண்ட். போலீஸ் காவல், அதாவது பி.சி.ஆர்., கொடுத்துவிட்டால் அது முடியும் வரை ஜாமீன் பேச்சு பெரும்பாலும் எடுபடாது. எம்.சி.ஆர். என்கிற நீதிமன்றக் காவல் என்றால் வக்கீல் அந்த நிமிஷமே மனு போடலாம். மனுவை எழுதித் தயாராகக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அரசுத் தரப்பின் 'ஸே' (மனுவுக்கு அவர்கள் தரும் பதில்) வரட்டும் என்று திங்களுக்குத் தள்ளிப்போகவும் வாய்ப்பிருக்கிறது, அதில் மனம் உடைய வேண்டாம். போதைப்பொருள், போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்), மோக்கா (மகாராஷ்டிராவின் திட்டமிட்ட கும்பல் குற்றச் சட்டம்) மாதிரி வழக்குகள் தனிக்கதை. அவற்றுக்கு ஞாயிறு கோர்ட்டில் ஜாமீன் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

இப்போது ஷூரிட்டி. ரேஷன் கார்டு, ஆதார், கரண்ட் பில், சம்பளச் சீட்டு, போட்டோ: மும்பை முகவரியில் இவையெல்லாம் சரியாக இருக்கிற ஒருவரை ராத்திரியே பிடித்து வையுங்கள். வாடகை வீட்டில் இருக்கும் நம் பாதிப் பேருக்கு இங்கேதான் சிக்கல். கோர்ட் வாசலில் 'ஷூரிட்டி நான் தர்றேன்' என்று வரும் தரகரை நம்பவே நம்பாதீர்கள். போலி ரேஷன் கார்டு மாட்டினால் ஜாமீன் போவதோடு புது வழக்கும் வரும். அதற்குப் பதிலாக, இப்போதைக்குப் பணம் கட்டி விடுங்கள், ஷூரிட்டி தரச் சில வாரம் அவகாசம் வேண்டும் என்று கேஷ் பெயில் கேட்கச் சொல்லுங்கள். இந்த ஊரில் அது சகஜம்.

ஊரில் நிலம் வைத்திருக்கும் சித்தப்பா ஷூரிட்டி நிற்கலாமா என்றால், சட்டப்படி நிற்கலாம். 1978ல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில், அண்ணன்தம்பி வேறு மாவட்டத்துக்காரர் என்று மாஜிஸ்திரேட் ஷூரிட்டியை மறுத்ததை நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் கண்டித்தார். தூரத்து ஊரில் மாட்டிக்கொண்ட ஒரு தமிழனோ தெலுங்கனோ அங்கே சொத்துள்ளவனை எங்கே போய்த் தேடுவான் என்று கேட்டார். ஆனாலும் நடைமுறையில் லோக்கல் ஆளைத்தான் சீக்கிரம் ஏற்கிறார்கள், சித்தப்பாவை ரயில் ஏற்றுவதற்கு முன் வக்கீலைக் கேளுங்கள்.

தம்பியை ஆர்தர் ரோடு ஜெயிலுக்கு அனுப்பிவிட்டால் நேரம் இன்னும் முக்கியம். விடுதலை உத்தரவு வாசலில் உள்ள பெட்டிக்குள் நேரத்துக்கு விழவேண்டும். 2021ல் ஷாருக் கான் மகனுக்கு வியாழக்கிழமை ஜாமீன் கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குள் காகிதம் வந்துசேரவில்லை, சனிக்கிழமைதான் வெளியே வந்தார். அவ்வளவு பெரிய வக்கீல் படை இருந்தவருக்கே அப்படி. ஆகவே உத்தரவு கையெழுத்தானதும் வீட்டுக்கு ஓடாமல் ஒருவர் கோர்ட் ஆபீசிலேயே நில்லுங்கள்.

வெளியே வந்த பிறகு உத்தரவில் உள்ள நிபந்தனைகளை யாராவது படித்துத் தமிழில் சொல்லட்டும். வாரம் ஒருநாள் ஸ்டேஷனில் கையெழுத்து, மும்பை எல்லையைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் இருக்கும். ஊரில் கோயில் கொடை என்றாலும் கோர்ட் அனுமதி வாங்கிவிட்டுத்தான் டிக்கெட் போடவேண்டும்.