கோல்ஃப்: மூன்றடி பட்டில் கை நடுங்குகிறதா?

கேள்வி: எனக்கு 18 வயது. அமெச்சூர் கோல்ஃப் போட்டிகளில் ஆடுகிறேன். பயிற்சியில் எல்லாமே நன்றாக விழுகிறது. போட்டியிலும் பன்னிரண்டு, பதின்மூன்று ஹோல் (குழி) வரை முன்னிலையில் இருப்பேன். "இன்றைக்கு ஜெயித்துவிடலாம் போலிருக்கே" என்று தோன்றியதும் கை இறுகிவிடும். மூன்றடி பட் (பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டுவது) கூடத் தவறும். அப்பாதான் எனக்குக் கேடி (பையைச் சுமந்து துணைக்கு வருபவர்). நான் தவறவிட்டால் அவர் முகம் மாறிவிடுகிறது. மனதைக் கல்லாக்கிக்கொள்ள வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: தம்பி, கல் மனது எதற்கு? அமெரிக்காவில் நடக்கும் பெரிய கோல்ஃப் போட்டியான மாஸ்டர்ஸின் 2025 கடைசி நாள் ஆட்டத்தை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். வட அயர்லாந்து வீரர் ரோரி மெக்கில்ராய் இரண்டு ஷாட் முன்னிலையோடு இறங்கினார் (கோல்ஃபில் குறைவாக அடிப்பவருக்கே வெற்றி). முதல் ஹோலிலேயே டபுள் போகி (அந்த ஹோலுக்கு வகுத்த கணக்கைவிட இரண்டு ஷாட் அதிகம்), முன்னிலை காலி. 13-வது ஹோலில் கையில் வெட்ஜ் (கிட்டத்து ஷாட்டுக்கான கிளப்), தூரமும் அதிகமில்லை. பந்து நேராக ஓடைக்குள் போனது. 15-ல் மரத்தைச் சுற்றி வளைத்து அற்புதமாக ஒன்று அடித்தார். 18-ல் ஐந்தடி பட் விழுந்திருந்தால் பட்டம் அவருக்கு, அதையும் விட்டார். சமமாக முடித்த ஜஸ்டின் ரோஸுடன் பிளேஆஃப் (வெற்றியை முடிவுசெய்யும் கூடுதல் ஆட்டம்), அதே 18-வது ஹோலில். இம்முறை பந்தைக் குழிக்குப் பக்கத்தில் வைத்து, பெர்டி (கணக்கைவிட ஒரு ஷாட் குறைவு) போட்டு ஜெயித்தார். 2011-ல் இதே மைதானத்தில் நான்கு ஷாட் முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாள் 80 அடித்தவரும் இவர்தான்.

அன்று அவருக்குக் கை நடுங்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? நடுக்கத்தோடுதான் அடுத்த ஷாட்டை அடித்தார். தைரியம் வரட்டும், அப்புறம் அடிக்கலாம் என்று காத்திருந்தால் அது வராது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மொத்த ஷாட்டை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் உங்கள் ஸ்கோரை எழுதுவது கூட ஆடும் மார்க்கர்; உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அவருடைய ஸ்கோர் கார்டு. அப்படியிருக்க, நீங்கள் ஏன் மனதுக்குள் கூட்டல் போட்டுக்கொண்டே வருகிறீர்கள்? ஆட்டம் முடிந்து கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு ஹோலாகச் சரிபாருங்கள், போதும்.

பட்டிங்குக்கு வேறு சங்கதி. பயிற்சியில் ஒரே இடத்திலிருந்து முப்பது பந்து தட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். போட்டியில் இரண்டாவது பந்து கிடையாதே! ஒரே ஒரு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழியைச் சுற்றி மூன்றடியில் பத்து இடம். ஒவ்வொரு முறையும் பின்னால் நின்று பந்து போகும் கோட்டைப் பார்ப்பது, பந்துக்கு முன்னால் ஒரு புல் நுனியைக் குறித்துக்கொள்வது, மூச்சை முழுதாக வெளியே விட்டுத் தட்டுவது என்று போட்டியில் செய்வதையெல்லாம் செய்யுங்கள். ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. எட்டு, ஒன்பது என்று வரும்போது கை இறுகும் பாருங்கள், அந்த இறுக்கத்தோடு தட்டிப் பழகத்தான் இந்தப் பயிற்சியே. பயத்தில் எல்லோருக்கும் பிடி இறுகும், தட்டும் வேகம் கூடும். அதனால் தட்டுவதற்கு முன் விரல்களை ஒருமுறை தளர்த்திப் பிடியுங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே எட்டடி பட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். நீங்கள் எட்டடியில் தவறவிட்டு அடுத்த இரண்டு ஹோலுக்குத் தலையைத் தொங்கப்போட்டு நடப்பது கொஞ்சம் ஓவர்.

இனி அப்பா. கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள், எனக்கென்னவோ பாதி சிக்கல் அங்கேதான் என்று படுகிறது. பந்தைப் பார்க்க வேண்டிய கண் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மெக்கில்ராய் அந்த ஐந்தடியைத் தவறவிட்டுப் பிளேஆஃபுக்குப் போகும்போது, அவருடைய கேடியும் பால்ய நண்பருமான ஹாரி டயமண்ட் என்ன சொன்னார் தெரியுமா? வாரத் தொடக்கத்தில், திங்கட்கிழமை காலை, இந்த நிலைமை கிடைக்கும் என்றிருந்தால் நாம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்போமே என்றார். அவ்வளவுதான். தவறிப்போன பட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அப்பாவிடம் போட்டிக்கு முந்தின நாளே பேசுங்கள். தூரம் சொல்வது, கிளப்பைத் துடைத்துக் கொடுப்பது, தண்ணீர் எடுத்து நீட்டுவது அவர் வேலை. ஸ்கோர் பேச்செல்லாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகு. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஒரே ஒரு போட்டிக்கு வேறு கேடியை வைத்து ஆடிப் பாருங்கள். இரண்டு நாள் கோபமாக இருப்பார். இருக்கட்டும்.