பொறுங்க மாமி

ஐயா,
கற்றல் குறைபாடுள்ளவர்களின் நீரிழிவு பற்றிய ஆய்வொன்றில் உதவியாளராக இருக்கிறேன். கேள்விகளைத் தயாரிக்கும் கலந்துரையாடலுக்கு அம்மாமாரை அழைத்திருக்கிறோம். குறைபாடுள்ளவர்களையும் அழைக்கலாமே என்றேன். ‘விளங்காது, நேரம் வீண், நெறிமுறைக் குழுவும் விடாது’ என்கிறார்கள். ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று எழுதலாமா?
ஒரு மாணவி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள மகள்,

சொல்லை அவர்களிடமே கேளுங்கள். குழுவின் பயத்துக்குக் காரணம் உண்டு. 1950களில் நியூயோர்க்கின் வில்லோபுரூக் விடுதியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே ஈரல் அழற்சிக் கிருமியைக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். உங்கள் மேசையில் ஊசி இல்லையே. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகளில் அவர்களையும் கலந்தாலோசிக்கச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. அதைக் காட்டுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று என் பெரியம்மாவின் மகனுக்கு ஆட்டத்திவசம். தம்பிலுவிலில் ஒருமுறை அண்ணன் மூன்று கிழமையாகச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சுவரில் தலையை இடித்தார். ‘அவருக்கு அப்படித்தான் குணம்’ என்றோம். டொக்டர் பெரியம்மாவைக் கேட்டார். பெரியம்மா வயிறு என்றார். வயிற்றுக்கு மருந்து வந்தது. இரண்டாம் முறை போனபோது ஒரு நேர்ஸ் பிள்ளை அண்ணனுக்கு முன்னால் குந்தி, “எங்க நோகுது அண்ணே?” என்றாள். பெரியம்மா வாயெடுத்தார். “பொறுங்க மாமி.” அப்புறம் அவளும் பேசவில்லை. வெளியே ஒரு பஸ் வந்து, ஆள் ஏற்றி, போயும் விட்டது. அண்ணன் அவளுடைய விரலைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினார். கடைவாய்ப்பல் அழுகியிருந்தது.

முப்பது வருடம் குளிப்பாட்டிய தாய்க்கே அது தெரியவில்லை. உங்கள் அம்மாமாருக்கு மட்டும் எல்லாம் தெரியுமா?

நேரம் வீண் என்றவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பார்? நீங்களுந்தான். மூன்று எண்ணுவதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டு, ‘விளங்கவில்லை’ என்று கொப்பியில் எழுதுகிறீர்கள். விளங்காதது யாருக்கு? ஒரு தடவைக்கு ஒரு கேள்வி, பிறகு மௌனம். அம்மா வாயெடுத்தால் கையைக் காட்டுங்கள். சீனி பார்க்கும் மெஷினை மேசையில் வையுங்கள், தொட்டுப் பார்க்கட்டும். எழும்பிப் போனால் அது மறுப்பு. இழுத்து இருத்த வேண்டாம்.

பயணக்காசை அம்மாவிடம் அல்ல, அவரவர் கையிலேயே கொடுங்கள். அண்ணனுக்குக் காசு எண்ணத் தெரியாது. ஆனாலும் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தால், வீடு வரைக்கும் அதைத் தட்டித் தட்டித்தான் வருவார்.