சொந்த விதையில் கத்தரி ஏன் கலவையாக வருகிறது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டம். போன வருடம் வீரிய ஒட்டுக் கத்தரி போட்டேன். எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி உருண்டை ஊதாக் காய். கடைசிப் பறிப்பில் மிஞ்சியதைப் பழுக்கவிட்டு விதை எடுத்தேன். இப்போது 200 செடி நிற்கிறது. ஒன்றில் நீளக் காய், ஒன்றில் பச்சை வரி, சிலவற்றில் காம்பெல்லாம் முள். விதை கெட்டுவிட்டதா? இதிலிருந்து ஒரே சீரான ரகம் எடுக்க முடியுமா?

பதில்: விதை கெடவில்லை ஐயா. வீரிய ஒட்டு என்பது இரண்டு வேறு வகைகளைச் சேர்த்த முதல் தலைமுறை. எல்லாச் செடிக்கும் ஒரே கலவை போவதால் ஒன்றுபோல நிற்கும். அதன் விதையில் அந்தக் கலவை பிரிகிறது. பாட்டன் பாட்டியிடம் இருந்து மறைந்து வந்த முள்ளும் வரியும் இப்போதுதான் தலைகாட்டுகின்றன. பக்கத்துத் தோட்டத்துக் கத்தரியிலிருந்து தேனீ மகரந்தம் கொண்டுவந்திருக்கவும் வாய்ப்புண்டு.

இந்த வேறுபாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ரகம் பிறப்பதே இதிலிருந்துதான். நெகமம் வட்டார வரிக்கத்தரியில் நல்ல செடியைப் பிரித்து எடுத்ததுதான் கோ 2 ரகம். குளத்தூர் நாட்டுக் கத்தரியில் எடுத்தது வெள்ளை முட்டைபோல் காய்க்கும் கே.கே.எம் 1. முட்டைகோஸ், காலிஃபிளவர், நூல்கோல் மூன்றுமே ஒரே காட்டுச் செடியின் வாரிசுகள். குருத்தை, பூவை, தண்டைப் பார்த்துப் பார்த்து மனிதர்கள் விதை எடுத்ததில் இவ்வளவு தூரம் பிரிந்துவிட்டன.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது, ‘கடைசிப் பறிப்பில் மிஞ்சியது’ என்ற வார்த்தை. நல்ல காயைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை விதைக்கு விட்டால், தெரியாமலே சோடையைத் தேர்ந்தெடுக்கிறோம். பல வீடுகளில் நல்ல நாட்டு ரகம் தேய்ந்துபோனது இப்படித்தான். விதைக்குரிய செடியை முதல் பறிப்பிலேயே முடிவு செய்யுங்கள். அதில் ஆரம்பத்தில் வரும் இரண்டு மூன்று காய்களைத் தொடாதீர்கள்.

காயை மட்டும் பார்க்காமல் முழுச் செடியையும் பாருங்கள். காய்த் துளைப்பான் புழு குறைவாக இருக்கிறதா, தொடர்ந்து காய்க்கிறதா என்று கவனியுங்கள். சிற்றிலை நோய் கண்டதைப் பிடுங்கிவிடுங்கள். வரப்போரத்துச் செடியும் எருக்குழி பக்கத்துச் செடியும் வேண்டாம். அவற்றின் செழிப்பு எருவாலும் வெளிச்சத்தாலும் வந்தது, விதையில் இறங்காது.

200-இல் 10 செடி போதும். வேறு செடியின் மகரந்தம் சேராமலிருக்க, நாளை மலரும் பதத்தில் இருக்கும் மொட்டுக்கு இன்று மாலையே மெல்லிய துணிப்பை மாட்டுங்கள். காலையில் பையைத் திறந்து பாருங்கள். நடுவிலுள்ள பச்சை முனை மஞ்சள் மகரந்தப் பைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூ காய் பிடிக்கும். விரலால் இரண்டு தட்டு தட்டி, திரும்ப மூடிவிடுங்கள். பிஞ்சு விட்டதும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் கலர் நூல் கட்டுங்கள், பறிக்க வரும் ஆட்களுக்கு அடையாளம் தெரியட்டும். காய் மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் விதை எடுக்க வேண்டும்.

அப்புறம் முக்கியமான வேலை: 10 செடி விதையையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். தனித்தனிப் பொட்டலமாக வைத்து, ஒரு செடி விதைக்கு ஒரு வரிசை என்று நடுங்கள். எந்தத் தாய் தன் குணத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள் என்று அந்த வரிசை காட்டிவிடும். பிள்ளைகள் சரியில்லாத வரிசையை, தாய்ச்செடி எவ்வளவு நன்றாகக் காய்த்திருந்தாலும், கழித்துவிடுங்கள்.

இப்படிச் செய்தால், ஒரே செடிக்குள் இரண்டு வகைக் குணமும் சேர்ந்திருக்கும் கலப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும். இப்போது உங்களிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை, கலப்பு சுமார் 50 சதவீதம். அடுத்து 25, அதற்கடுத்து 12.5. ஆறாவது தலைமுறையில் 3 சதவீதத்துக்கு வந்துவிடும். அதுவரை துணிப்பையை விடாதீர்கள். பிறகும் விதைப்பாத்தியை மற்ற கத்தரியிலிருந்து 200 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். போன வருட ஒட்டின் விளைச்சல் அப்படியே கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அந்த வீரியத்தில் ஒரு பங்கு முதல் தலைமுறையோடு போய்விடும்.