அந்த 15,000 ரான்ட் இனி இல்லை: சோலார், கீசர், கடன் பற்றி வாசகர் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெட்டிங் என்கிற சுழற்சி மின்வெட்டின் அட்டவணையைப் பார்த்துப் பார்த்து உலை வைத்த காலம் 2024 மார்ச் கடைசியோடு ஒருவழியாக அடங்கியது. 2025-ல் நடுநடுவே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். எனக்கு வரும் கேள்விகள் மட்டும் குறையவில்லை. முன்பெல்லாம் "விளக்கு எரியுமா?" என்று கேட்டவர்கள் இப்போது "காசுக்கு என்ன வழி?" என்று கேட்கிறார்கள். இந்த முறை வந்ததில் சிலவற்றுக்குப் பதில்.

ஐயா, வீட்டுக்கு வந்த சோலார் விற்பனையாளர், "வரித்துறையான சார்ஸ் 15,000 ரான்ட் திருப்பித் தரும், அதைக் கழித்துத்தான் விலை சொல்கிறேன்" என்கிறார். நம்பலாமா? (பீனிக்ஸ் வாசகர்)

நம்ப வேண்டாம். அது வருமான வரிச் சட்டத்தின் 6சி பிரிவில் கொடுத்த சலுகை. 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை, ஒரே ஒரு வருடம்தான் இருந்தது. அதற்குள் பொருத்தி, ஓடவிட்டு, சிஓசி என்கிற மின்தகுதிச் சான்றும் கையில் வாங்கியவர்களுக்கு மட்டும். அதற்குப் பிறகு நீட்டிக்கவில்லை.

இருந்த காலத்திலும் அது பலர் நினைத்த மாதிரி இல்லை. பேனல் விலையில் கால் பங்கு, அதிகபட்சம் 15,000. இன்வெர்ட்டருக்கு இல்லை, பேட்டரிக்கு இல்லை, கூலிக்கும் இல்லை. ஒவ்வொரு பேனலும் புதியதாக, 275 வாட்டுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். முழு 15,000 கிடைக்க வேண்டுமானால் பேனலுக்கு மட்டுமே 60,000 ரான்ட் செலவழித்திருக்க வேண்டும். வீட்டு சோலாரில் பெரும்பணம் போவது பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும்தான் என்பது போட்டவர்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் முன்பு ஒருவர் இதே மாதிரி ஒரு கொட்டேஷனை மடித்து எடுத்து வந்தார். மொத்தத் தொகைக்கு மேல் பச்சை எழுத்தில் "அரசுச் சலுகை: கழிவு 15,000". அந்தப் பச்சை எழுத்தைப் பேனாவால் அடித்துவிட்டு இருவரும் கூட்டிப் பார்த்தோம். அவர் தெருவிலேயே இன்னொருவர் கொடுத்த விலையைவிட 9,000 ரான்ட் கூட வந்தது. கூடுதல் விலையை மறைப்பதுதான் அந்தப் பச்சை எழுத்துக்கு வேலையே.

பழைய கதைகள் இன்னும் உண்டு. 2008-ல் தொடங்கி அரசு மின் நிறுவனமான எஸ்காம் சூரிய கீசருக்கு மானியம் கொடுத்தது, அது போய் வருடக்கணக்காகிறது. 2023 ஆகஸ்டில் வந்த அரசு உத்தரவாதக் கடன் திட்டமும் ஒரு வருடத்தோடு முடிந்தது. ஆக, கைக்கு வரும் சலுகை சைபர் என்று வைத்துக்கொண்டே கணக்கைத் தொடங்குங்கள்.

2024 ஜனவரியில் பேனல் போட்டேன், சிஓசியும் இருக்கிறது. வரிப் படிவத்தில் எழுத மறந்துவிட்டேன். (இசிபிங்கோ)

உங்கள் பாடு பரவாயில்லை. அந்த வருட மதிப்பீடு வந்து 3 வருடம் தாண்டாதவரை திருத்தக் கேட்க இடம் இருக்கிறது. பேனல் விலை தனியாகத் தெரிகிற இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, சிஓசி மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு சார்ஸுக்கு எழுதுங்கள். இன்வாய்ஸில் எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டிருந்தால், போட்டவரிடம் போய் இன்றைக்கே பிரித்து வாங்கிவிடுங்கள். அந்த நாளில் முளைத்த கம்பெனிகள் பல இப்போது கடையைக் கட்டிவிட்டன.

நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். இருவரும் பென்ஷன். மகன் 120,000 ரான்ட்டுக்கு சோலார் போடச் சொல்கிறான், பாதி தருகிறேன் என்கிறான். கரண்ட் பில் தாங்க முடியவில்லைதான். என்ன செய்யலாம், தம்பி? (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆயா)

ஆயா, மகன் நல்ல பிள்ளை. பணத்தை அவனிடமே இருக்கச் சொல்லுங்கள். முதலில் சீலிங்குக்கு மேலே யாரையாவது ஏற்றிவிட்டு கீசரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் ஏறும் வீடுகளில் முதலில் செய்வது அதைத்தான். உள்ளங்கையை வைத்தால் பழைய கீசரின் மேல்தகடு வெதுவெதுப்பாக இருக்கும். வெளியே வரும் செம்புக் குழாயைப் பிடித்தால் கையை எடுக்க வேண்டிவரும். உறை இல்லாத குழாய், ஆள் இல்லாத கூரைக்கடியை ராப்பகலாகச் சூடாக்கிக்கொண்டிருக்கும். 150 லிட்டர் கீசர் ஒன்று யாரும் குழாயைத் திறக்காமலே ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை யூனிட்டைத் தின்றுவிடும். யூனிட் 3 ரான்ட் என்று வைத்தால்கூட மாதம் 200 ரான்ட் அளவில், சும்மா. தொட்டி முழுவதையும் 20 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட். நம் வீடுகளில் கரண்ட்டை அதிகம் குடிப்பது கீசர்தான், டிவியும் லைட்டும் அல்ல.

அதனால் வரிசை இது. கீசருக்குப் போர்வை, குழாய்க்கு முதல் ஒரு மீட்டராவது நுரை உறை. தெர்மோஸ்டாட் 70-ல் இருந்தால் 60-க்கு இறக்குங்கள். அதற்கும் ரொம்பக் கீழே போக வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி வளரும். பழைய ஷவர் தலையை நிமிடத்துக்கு 10 லிட்டருக்குள் விடுகிற ஒன்றாக மாற்றுங்கள். நீங்கள் வாளியும் செம்பும் வைத்துக் குளிப்பவரானால் அந்தச் செலவும் மிச்சம்! டைமர் போட்டால் பாதி பில் குறையும் என்பார்கள். அவ்வளவு குறையாது, கொஞ்சம் குறையும்.

இதையெல்லாம் செய்து இரண்டு மாத பில் பாருங்கள். அப்புறமும் கை வைக்க வேண்டுமானால் காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரைக் காய்ச்சும் ஹீட் பம்ப் பற்றி மகனிடம் பேசுங்கள். அதே வெந்நீருக்கு மூன்றில் ஒரு பங்கு கரண்ட்தான் எடுக்கும், டர்பன் புழுக்கம் அதற்கு நன்றாக ஒத்துவரும். பேனலும் பேட்டரியும் அதற்கும் பிறகு. தேவை குறைந்த வீட்டுக்குச் சின்ன சிஸ்டமே போதும் என்பதால், அப்போது 120,000 ஆகாது.

பாண்டில் (வீட்டுக் கடனில்) எடுப்பதா, தனிநபர் கடனா, மாத வாடகைக்கு சோலாரா? (லெனேசியா)

இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 120,000 ரான்ட்டை எடுத்துக்கொள்வோம்.

பாண்ட் வட்டி பத்தரை சதவீதம் என்று வைத்தால், 20 வருடத்தில் மாதம் 1,200 ரான்ட் அளவில் வரும். கேட்க இனிப்பாக இருக்கிறது, ஆனால் மொத்தம் 287,500-ஐத் தொடும். பேட்டரிக்கு உத்தரவாதம் சாதாரணமாகப் பத்து வருடம்தான். செத்துப்போன பேட்டரிக்கு இன்னொரு பத்து வருடம் தவணை கட்ட வேண்டுமா? அதே பணத்தை அதே வட்டியில் 5 வருடத்தில் அடைத்தால் மாதம் 2,580, மொத்தம் 155,000-க்குள்.

தனிநபர் கடன் 20 சதவீதம் என்றால் 5 வருடத்துக்கு மாதம் 3,180, மொத்தம் 190,000-க்கு மேல். அதோடு தொடக்கக் கட்டணம், மாதாமாதம் 69 ரான்ட் வரை சேவைக் கட்டணம். அடமானம் இல்லாத கடனுக்கு ரெப்போ வட்டிக்கு மேல் 21 சதவீதம் வரை போடச் சட்டமே இடம் தருகிறது. 20 என்று நான் சொன்னது கருணையான கணக்கு.

ஆகவே என் யோசனை: பாண்டில் எடுங்கள், ஆனால் தவணையை 5 வருடக் கணக்கில் கட்டுங்கள். பாண்டில் முன்கூட்டியே கட்டிய பணம் இருந்தால் அதை எடுப்பது சுலபம். பதிவான தொகைக்கு மேல் கேட்டால் வக்கீல் செலவும் பதிவுச் செலவும் வரும், சின்ன சிஸ்டத்துக்கு அது கட்டுப்படியாகாது.

வாடகை சோலாரில் பொருள் கம்பெனியுடையது. வருடா வருடம் எவ்வளவு ஏறும், வீட்டை விற்றால் என்ன ஆகும், கூரையிலிருந்து கழற்றினால் ஓட்டையை அடைப்பது யார்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு பானைத் திட்டத்தில் ஓய்வூதியப் பணம் எடுத்து சோலார் போடலாமா? (மியர்பேங்க்)

2024 செப்டம்பரிலிருந்து ஓய்வூதியச் சேமிப்பைச் சேமிப்புப் பானை, ஓய்வுப் பானை என்று பிரிக்கிறார்கள். சேமிப்புப் பானையில் வருடத்துக்கு ஒரு முறை எடுக்கலாம், சரி. ஆனால் எடுக்கிற தொகை அந்த வருட வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் உச்ச விகிதத்தில் வரி பிடிக்கப்படும். 31 சதவீதத்தில் இருப்பவர் 30,000 எடுத்தால் கைக்கு 20,700. கீசர் போர்வைக்கு இவ்வளவு வேண்டாம், சோலாருக்கு இது பற்றாது. விட்டுவிடுங்கள்.

வெருலத்தில் கடை வைத்திருக்கிறேன். கடைக் கூரையில் போட்டால் வரியில் கழிக்கலாமா?

கழிக்கலாம். 125 சதவீதம் கழிக்க விட்ட சலுகை 2025 பிப்ரவரியோடு போனது. வருமான வரிச் சட்டத்தின் பழைய 12பி பிரிவு இன்னும் இருக்கிறது: ஒரு மெகாவாட்டுக்கு மேல் போகாத சோலாருக்கு முதல் வருடமே முழு விலையையும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். கழிவு வேறு, கைக்கு வரும் பணம் வேறு. 80,000 கழித்தால், 31 சதவீத விகிதத்தில் மிச்சமாவது 24,800. மேலே குடியிருந்தால் கடைக்கு ஓடுகிற பங்குக்கு மட்டும்தான் கேட்க முடியும். கணக்கரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

கோயில் கூரையில் சோலார் போட நினைக்கிறோம். நன்கொடை தருபவர்கள் வரிவிலக்கு ரசீது கேட்கிறார்கள். (டொங்காட் கோயில் கமிட்டி)

கோயில் பொதுநல அமைப்பாகப் பதிவாகியிருந்தால் அதற்கு வருமான வரி கிடையாது, அதனாலேயே 12பி கழிவாலும் பயனில்லை. நன்கொடையாளருக்கு வரிவிலக்கு தரும் 18ஏ ரசீதுப் பட்டியலில் சமய வேலை இல்லை. அன்னதானம், ஏழைகளுக்கான உதவி போன்ற வேலைகளுக்குத் தனி அமைப்பு வைத்து அனுமதி பெற்றிருந்தால், அந்த வேலைக்கு வந்த பணத்துக்கு மட்டும் ரசீது தரலாம். அந்தப் பணத்தில் கோயில் கூரைக்குப் பேனல் வாங்கக் கூடாது.

இன்னொன்று. கோயிலில் கரண்ட் ஓடுவது பெரும்பாலும் சாயங்காலப் பூஜைக்கும் காவடி, தீமிதி நாட்களுக்கும். பேனல் வேலை செய்வதோ பகலில். திருவிழாவைக் கணக்கில் வைத்துப் பெரிதாகப் போட்டால், மீதி நாளெல்லாம் கூரை சும்மா காயும். மிஞ்சும் கரண்ட்டை வெளி லைனுக்குத் திரும்ப அனுப்ப நகராட்சியில் பதிவும் இருவழி மீட்டரும் வேண்டும். சில பழைய ப்ரீபெய்ட் மீட்டர்கள், வெளியே போகிற கரண்ட்டையும் நீங்கள் வாங்கியதாகவே எண்ணும்.

சனிக்கிழமை வீட்டுக்கே வந்து பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அவர்களாகத் தேடி வந்து விற்றிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி 5 வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். வாயால் சொன்னால் செல்லாது, எழுதி அனுப்புங்கள். அனுப்பியதற்குச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். "முன்பணம் திரும்பாது" என்று தாளில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம்.

எங்கள் வீடு பழைய கவுன்சில் வீடு, பாதி பாதியாக இரண்டு குடும்பம். கூரை ஆஸ்பெஸ்டாஸ். அதன்மேல் பேனல் போடலாமா? (சாட்ஸ்வொர்த்)

துளை போட விடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸில் டிரில் இறங்கினால் கிளம்பும் தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். 2020-ல் வந்த விதிகளின்படி ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றுகிற வேலைக்குத் தொழிலாளர் துறையில் பதிவான ஒப்பந்தக்காரர்தான் வர வேண்டும். "ஒன்றும் ஆகாது அண்ணே, அரை நாள் வேலை" என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

காரேஜ் கூரை தகரமாக இருந்தால் பேனலை அங்கே வையுங்கள். இல்லையென்றால் கூரையை மாற்றிய பிறகுதான் சோலார். அந்தச் செலவையும் சேர்த்தே கடன் கேளுங்கள். அதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு டீ குடித்துப் பேசுங்கள். இரண்டு பாதியையும் ஒரே ஆள் ஒரே தடவையில் கழற்றினால் இருவருக்குமே செலவு குறையும். அவர் பாதி அப்படியே இருக்க உங்கள் பாதியை மட்டும் பிரித்தால், சேரும் இடத்தில் முதல் மழையிலேயே ஒழுகும்.